சர்வருக்குப் போட்ட பிள்ளையார் சுழி

வில்லியனூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், உரக்கடை மாடியில், குமரன் வெப் சொல்யூஷன்ஸ் என்று ஒரு போர்டு தொங்குகிறது. அந்த போர்டை டிசைன் செய்தது நான். உள்ளே தயாரான கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாமே என் கைவேலை. ஆனால் அந்தக் கடையில் வேலை செய்கிறவர் ஒரே ஒருவர்தான் என்று முதலாளி தமிழ்க்குமரன் போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்த ஒருவர் யார் என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம். அவருக்கு எதிர் மேசையில் அஞ்சு வருஷம் உட்கார்ந்தவள் நான். என் பெயர் லில்லி. அவர் செய்த வேலை எது என்று நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

தமிழ்க்குமரன் செல்லிப்பட்டுக்காரர். ஆற்றோரத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று அப்பா பக்கிரிக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒருநாள் டீக்கடையில் யாரோ கேட்டபோது, "சர்வர்ல இன்னாவோ வேலை பாக்குறான்" என்று சொல்லிவிட்டார். மகன் வீட்டுக்குள் நடந்துகொண்டே ஃபோனில் "நான் சர்வர்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று ஓயாமல் கத்தினால் அந்த மனுஷன் வேறென்ன சொல்வார்? டீக்கடையிலிருந்து செய்தி ஊருக்குப் போனது. ஊர் அதைச் சுருக்கிக்கொண்டது. பக்கிரி மகன் ஓட்டலில் சர்வராக இருக்கிறான். ஓட்டல் பத்துக்கண்ணிலா, திருக்கனூரிலா என்பதில்தான் ஊருக்குள் கருத்து வேறுபாடு.

பெண் கேட்கப் போன வீடுகளிலெல்லாம் இந்தச் செய்தி இவருக்கு முன்னாலேயே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். இவர் போய், "சர்வர்னா அது இல்லைங்க, எங்கேயோ பெரிய கட்டடத்துல இருக்கிற கம்ப்யூட்டருங்க. நீங்க கேட்ட பக்கத்தை எடுத்தாந்து குடுக்கும்" என்று விளக்குவார். பெண் வீட்டார், "ஆமா, கேட்டதை எடுத்தாந்து குடுக்கிறவருதான" என்பார்கள். இப்படியே முப்பத்தாறு வயதாகிவிட்டது. முன்னந்தலையில் பாதி போய்விட்டது. மீதி இருந்ததை அவர் சீப்பால் பங்கிட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

இனி அவர் செய்த வேலைக்கு வருகிறேன். அரிசி ஆலை, தனியார் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று சுற்றுவட்டாரத்தில் பலருக்கு அவர் வெப்சைட் போட்டுக் கொடுத்திருந்தார். எல்லாம் பி.எச்.பி. என்ற மொழியில் ஏற்கெனவே யாரோ எழுதி வைத்தது. இவர் பெயரையும் படத்தையும் மாற்றுவார். அதற்குமேல் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு ஃபைல். அதன் பெயர் புள்ளியில் ஆரம்பிக்கும். புள்ளியில் ஆரம்பிக்கிற ஃபைல் சாதாரணமாகத் திறந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதைப் புள்ளி ஃபைல் என்பார், ஏதோ தானே கண்டுபிடித்த மூலிகையைப் பற்றிச் சொல்கிற தோரணையில். யாராவது வெப்சைட்டைத் திறக்கும்போதெல்லாம் சர்வர் முதலில் அந்தப் புள்ளி ஃபைலைப் படித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடும். எவ்வளவு பெரிய போட்டோவை ஏற்ற விடலாம், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், தப்பு நடந்தால் அதைத் திரையில் காட்டலாமா கூடாதா என்று பி.எச்.பி.க்கு அதில் எழுதி வைக்கலாம்.

இந்தக் கடைசி வரிதான் நம் ஆளின் வாழ்க்கை. டிஸ்பிளே எரர்ஸ் ஆஃப். தப்புகளைக் காட்டாதே. எந்த வாடிக்கையாளர் என்ன குறை சொன்னாலும் அவர் வைத்திருந்த ஒரே மருந்து அதுதான். பக்கம் மொத்தமும் வெள்ளையாகப் போய்விட்டது என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒருமுறை கேட்டார்கள். "வெள்ளையா இருந்தா சுத்தமா இருக்குன்னு அர்த்தம் சார்" என்று பதில் சொன்ன வாய் அது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

பாகூர் பக்கம் நாகராஜன் என்று ஒருவர் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். அவருடைய வெப்சைட்டில் மண்டபத்துக்குத் தேதி பதிவு செய்தால் மேலே இங்கிலீஷில் வார்னிங் என்று ஒரு வரி வந்துகொண்டிருந்தது.

"நல்ல காரியத்துக்கு வர்றவன் வார்னிங்னு பாத்தா இன்னா நெனைப்பான்பா?" என்று மாடியேறி வந்து கேட்டார்.

குமரன் புள்ளி ஃபைலைத் திறந்தார், ஆஃப் என்று எழுதினார். "இப்ப பாருங்க."

"அட, போயிடுச்சே" என்று நாகராஜன் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வார்னிங் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று இரண்டு பேரும் படிக்கவில்லை. பதிவு செய்கிற தேதி எங்கேயும் சேமிப்பாகவில்லை என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. தை மாதத்தில் ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு மாப்பிள்ளை அழைப்பு கார்கள், இரண்டு மேளம், இரண்டு செட் சமையல்காரர்கள் ஒரே வாசலில் வந்து நின்றார்கள். எந்த மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுப்பது என்று தெரியாமல் ஒரு அம்மா தட்டோடு நின்றுவிட்டார். குமரனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "சைட்டு கரெக்டா இருக்குது. தேதியை எழுதி வெக்காதது உங்க மேனேஜர் தப்பு" என்றார். மேனேஜருக்கு வேலை போய்விட்டது. நமக்கேன் வம்பு என்று நானும் அன்றைக்குப் பேனர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம். எதை எழுதினாலும் உச்சியில் பிள்ளையார் சுழி போடுவார். பில்லில் போடுவார், கொரியர் கவரில் போடுவார், சார்ஜர் டப்பாவில்கூடப் போட்டிருந்தார். அதில் எனக்குக் குறையில்லை. எங்கள் அப்பா அருள்தாஸ் புது சைக்கிளுக்கே சாக்பீஸால் சிலுவை போட்டுத்தான் ஏறுவார். ஆனால் குமரன் புள்ளி ஃபைலின் முதல் வரியிலும் ஒரு உ போட்டிருந்தார். அதற்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஹேஷ் குறி ஒன்று இருந்தது. எங்கிருந்தோ எடுத்த ஃபைலில் ஹேஷ் போட்ட வரி ஒன்று கிடந்தது, அதன்மேல் இவர் உ என்று அடித்தார், ஹேஷ் அப்படியே நின்றுவிட்டது. அது எதற்கு என்று அவருக்கும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் சோரியாங்குப்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் செல்வகுமாரி. கன்னியக்கோயில் பக்கம் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. அப்பா கண்ணையன் விவசாயி. போட்டோ பார்த்தார்கள், பொருத்தம் பார்த்தார்கள், வீட்டுக்கு வந்து காபியும் குடித்தார்கள். எல்லாம் சரி, வேலை செய்கிற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றதாம் அந்தப் பெண். குமரனுக்கு இதற்குமுன் எந்தப் பெண்ணும் இவ்வளவு தூரம் வந்ததில்லை. இது போனால் இனி ஜாதகத்தை எடுக்கவே போவதில்லை என்று அவர் அம்மா தனக்கொடி சொல்லிவிட்டார்.

கடையில் புதுத் திரை போட்டார். வாசனை ஸ்பிரே வாங்கினார். சுவரில் சாம்பிளுக்கு ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிகளைக் கழற்றச் சொன்னார். செத்தவர்கள் எல்லோரையும் சுருட்டி நான் பழைய பேப்பர் அடுக்குக்கு அடியில் வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் இந்தக் கல்யாணம் நடந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆள் வெறும் வாய்தான், கெட்டவர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அவர்கள் வருகிற அன்று காலையில், தனக்கொடி அம்மா மாதுளையும் ஆப்பிளுமாகத் தட்டோடு கடைக்கு வந்துவிட்டார். குமரன் கம்ப்யூட்டர் முன்னால் கோட்டு சூட்டோடு. ஸ்டூடியோவில் எடுத்த தன் படத்தைக் கம்பெனி வெப்சைட்டின் முகப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். படம் பெரிது, ஏறவில்லை. அளவைக் கூட்டலாம் என்று புள்ளி ஃபைலைத் திறந்தார். அம்மா பின்னால் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"அது இன்னாடா, புள்ளையார் சுழிக்கு முன்னாடி கம்பி மாதிரி?"

"ஹேஷ்மா. அது பாட்டுக்கு இருக்கும்."

"ஜன்னல் கம்பியாட்டம் இருக்குதேடா. புள்ளையாரை உள்ள வெச்சிப் பூட்டிட்டு, கல்யாணம் ஆவலியேன்னு கோயில் கோயிலா சுத்திகினு இருக்கமே நாம." அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மொதல்ல அதை எடுடா."

குமரன் முகம் போன போக்கைப் பார்த்தேன். வருஷக் கணக்கில் தட்டிப்போன அத்தனை வரனுக்கும் காரணம் அந்தக் கம்பிதான் என்று அவரும் நம்பிவிட்டார். அழித்தார், சேவ் கொடுத்தார். பிள்ளையார் வெளியே வந்துவிட்டார். அந்த நேரத்துக்குக் கீழே ஆட்டோ வந்து நின்றது.

கண்ணையன் வெள்ளை வேட்டி, மகள் மாம்பழக் கலர் சுடிதார். உட்கார்ந்தார்கள். குமரன் பெரிய டி.வி.யை ஆன் பண்ணி, "இதுதான் நம்ம கம்பெனி சைட்டு" என்று கையை நீட்டினார். திரையில் அவருடைய படத்தைக் காணோம், கம்பெனியைக் காணோம். வெள்ளைப் பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு வரி தடியாக நின்றது.

கண்ணையன் எழுத்துக் கூட்டிப் படித்தார். "இன்டர்னல்... சர்வர்... எரர்." மகளைப் பார்த்தார், குமரனைப் பார்த்தார். "ஊர்ல சொன்னாங்க தம்பி, நான் நம்பல. நீங்களே எழுதிப் போட்டிருக்கீங்களே."

"ஐயோ, அந்த சர்வர் இல்ல மாமா" என்றார் குமரன். அதற்குள் மாமா.

அரிசி ஆலை வெப்சைட்டைத் திறந்தார். அங்கேயும் அதே வரி. பள்ளிக்கூடம், அதே வரி. எல்லாருடைய சைட்டும் ஒரே பெரிய ஃபோல்டருக்குள் சின்னச் சின்ன ஃபோல்டராக இருந்தன. உச்சியில் இருக்கிற புள்ளி ஃபைல் படுத்தால் கீழே இருப்பது எல்லாமே படுத்துவிடும். ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. ஆலைக்காரரிடம் மெயின்டனன்ஸ் என்றார், பள்ளிக்கூடத்திடம் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது என்றார், நாகராஜனிடம் மழை என்றார். வெளியே வெயில் பொளந்துகொண்டிருந்தது.

"இன்னா ஆச்சு தம்பி?" என்று கண்ணையன் கேட்டார்.

குமரன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் பக்கம் கையை நீட்டினார். "ஒண்ணும் இல்ல மாமா. இந்தப் பொண்ணு எதையோ தொட்டுட்டா. எத்தினி தடவ சொன்னாலும் கேக்க மாட்டேங்குது. கம்ப்யூட்டர் தெரியாதவங்கள வெச்சிகினு தொழில் பண்றது அவ்ளோ கஷ்டம்."

தனக்கொடி அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே சரியாக இருந்த பழத்தட்டை இன்னொரு தடவை சரி செய்தார்.

தான் பெரிய பெரிய கம்பெனியோடு பேசுகிறவர் என்று காட்டுவதற்காகக் குமரன் சர்வர் கம்பெனியின் உதவி எண்ணுக்கு ஸ்பீக்கரில் போட்டார். "ஹலோ, மை சைட் ஈஸ் டவுன்" என்று ஆரம்பித்தார்.

"தமிழ்லயே சொல்லுங்க சார்" என்றது ஒரு இளம் குரல். கொஞ்சம் பொறுத்து, "உங்க புள்ளி எச்டி ஆக்சஸ் ஃபைல்ல முதல் வரி சார். ஏதோ புரியாத கமாண்ட் இருக்குன்னு சர்வர் எழுதி வெக்கிற லாக்ல வருது. அந்த வரியைக் கொஞ்சம் படிங்க."

"உ."

"சார்?"

"உ சார். புள்ளையார் சுழி."

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "முன்னாடி ஹேஷ் இருந்துச்சா சார்? ஹேஷ் இருந்தா சர்வர் அந்த வரியைப் படிக்காது. மனுஷங்களுக்கு எழுதின குறிப்புன்னு தாண்டிப் போயிடும். ஹேஷ் இல்லேன்னா என்ன இருந்தாலும் கட்டளைன்னுதான் எடுத்துக்கும். புரியலைன்னா நின்னுடும். இப்பதான் சார் யாரோ அதை எடுத்து சேவ் பண்ணியிருக்காங்க."

குமரன் அந்த ஃபைலை டி.வி. திரையிலேயே திறந்து ஹேஷைத் திரும்பப் போட்டார். "மறுபடியும் பூட்டிட்டியாடா" என்று அம்மா முணுமுணுத்தார். சைட்டுகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தன. கண்ணையன் வாய்விட்டுச் சிரித்தார். "புள்ளையார் சுழிதான தம்பி. தப்பில்ல, சாமி பயம் இருக்கிற புள்ள" என்றார். செல்வகுமாரிகூடச் சிரித்தது. குமரன், "ஹேஷை நான்தான் எடுத்தேன் மாமா" என்று அங்கேயே சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் அன்றைக்கே தட்டை மாற்றியிருப்பார்கள். வாயைத் திறக்க வேண்டியது ஒரு தடவை. மற்ற எல்லாவற்றுக்கும் திறக்கிற வாய் அதற்கு மட்டும் திறக்கவில்லை.

பெண் டி.வி. பக்கத்தில் போய் அந்த ஃபைலின் மற்ற வரிகளைப் படித்தது. "இந்த டிஸ்பிளே எரர்ஸ் ஆஃப்னா இன்னாங்க?"

குமரனுக்குத் தெரிந்த ஒரே பாடம். நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுதாங்க நம்ம ஸ்பெஷல். உள்ள தப்பு நடந்தா வெளிய தெரியாது."

"அப்ப தப்பு?"

"அது பாட்டுக்கு நடக்கும். ஆனா பாக்குறவங்களுக்குத் தெரியாது."

"எழுதியாவது வைக்குமா எங்கயாச்சும்?"

"இன்னாத்துக்குங்க?"

அந்தப் பெண் டி.வி.யிலிருந்து கண்ணை எடுத்தது. "எங்க லேபுல ஒருத்தருக்கு சுகர் நானூறு இருந்தா, ரிப்போர்ட்ல போடாம வுட்டா அவரு சந்தோஷமாத்தான் வூட்டுக்குப் போவாரு" என்றது. பிறகு என் பக்கம் திரும்பியது. "அக்கா, நீங்க அதைத் தொட்டீங்களா?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குமரன் கண்ணாலேயே கெஞ்சினார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, பாவமாகத்தான் இருந்தது. மண்டபத்து மேனேஜர் ஞாபகமும் கூடவே வந்தது.

"இல்லம்மா" என்றேன்.

அவ்வளவுதான். அது பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டது. கண்ணையன் ஏதோ சமாதானம் சொல்லப் போனார். மாடிப்படியில் வைத்துத்தான் மகள் பதில் சொன்னது. மெதுவாகத்தான் சொன்னது, ஆனால் உள்ளே எல்லோருக்கும் கேட்டது.

"தப்பு நடந்தா பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்க மேல போடுறாருப்பா. நாளைக்கு பக்கத்துல நான்தான இருப்பேன்."

ஆட்டோ போன பிறகு தனக்கொடி அம்மா பழங்களைப் பையில் திரும்பப் போட்டார். குமரன் கோட்டைக் கழற்றினார். நேராக என்னிடம் வந்து, "ஒரே ஒரு வார்த்த, ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல லில்லி. உனக்கு இன்னா கொறஞ்சிடும்?" என்றார்.

"எனக்குப் பேரு ஒண்ணு இருக்குதுண்ணா" என்றேன்.

அடுத்த வாரத்துக்குள் செல்லிப்பட்டு முழுக்க வேறு செய்தி. பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் அறிவு போதாதாம், குமரன்தான் வேண்டாம் என்றுவிட்டாராம். டிஸ்பிளே எரர்ஸ் ஆஃப். நாகராஜன்கூட வந்து, "நல்ல முடிவுதான்பா" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் அதையும் பொறுத்துக்கொண்டேன். வீட்டில் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும், வேறு வேலை கையில் இல்லை.

ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட வெளியே போயிருந்தார். கம்ப்யூட்டரில் புள்ளி ஃபைல் திறந்தபடி கிடந்தது. பிள்ளையார் சுழியைக் காணோம். அந்த இடத்தில், முதல் வரியில், ஹேஷ் போட்டுத் தமிழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்.

இந்த ஃபைலை லில்லி தொடக் கூடாது. முன்பு தொட்டதால் எல்லா சைட்டும் நின்றுபோனது.

இரண்டு தடவை படித்தேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று இதை எழுதினார்? சர்வர் படிக்காது, ஊர் படிக்காது. படிக்கிறவர் அவர் ஒருவர்தான். தனக்குத்தானே பொய்யை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் படித்துத் தெம்பு ஏற்றிக்கொள்கிறார். சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது, கோபம் மட்டும் போகவே இல்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த வரிக்கு முன்னால் இருந்த ஹேஷை மட்டும் அழித்தேன். சேவ் கொடுத்தேன். சர்வரும் கொஞ்சம் படித்துப் பார்க்கட்டும். என் டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டேன். பேப்பர் அடுக்குக்கு அடியில் கிடந்த கண்ணீர் அஞ்சலிகளைப் பழையபடி சுவரில் ஒட்டிவிட்டுக் கீழே இறங்கினேன். அரிசி ஆலைக்காரரை நினைத்தால்தான் வருத்தமாக இருந்தது, நல்ல மனுஷன்.

ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வெயிலில் வண்டிகளோடு நின்றுகொண்டிருந்தபோது என் ஃபோன் அடித்தது, குமரன். நான் எடுக்கவில்லை. அடுத்து யாரைக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியும். அந்த இளம் குரல், முதல் வரியைக் கொஞ்சம் படிங்க சார் என்று கேட்கும். இவர் என் பெயரைச் சொல்லிப் படித்தே ஆக வேண்டும். இந்தத் தடவை அவர் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த ஃபைலைத் தொட்டது நான்தான்.